நடையில் உட்கார்ந்தவள்: ஊக்கம் என்ற சொல்லாடல் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் ஊர்ப்பக்கம் 'நடை' என்றால் வாசற்படியை ஒட்டிய இடம். கோவிலில் சாத்துவதும் திறப்பதும் அந்த நடைதான். காலால் நடப்பதும் நடை, எழுதுகிறவருக்கு அமைவதும் நடை. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் இந்தக் கடைசி நடையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினோம். மற்ற இரண்டும் யோசிக்கவேண்டிய விஷயங்கள் என்றே அப்போது எனக்குத் தோன்றியதில்லை. என் அம்மா பன்னிரண்டு வயதில் பீடிச் சுளகை மடியில் எடுத்தவள்; ஐம்பத்தெட்டில் இறக்கி வைத்தாள். நாற்பத்தாறு வருஷம் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்த அந்த உடம்பிடம், எழுந்து தெருவில் நட என்று மருத்துவம் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

சீட்டில் மாத்திரைகள் எழுதியிருந்தன. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. அவற்றுக்குக் கீழே, அதுவும் ஒரு மாத்திரை என்பதுபோல, 'தினமும் 45 நிமிடம் நடை' என்று எழுதியிருந்தது. டாக்டர் நல்ல மனிதர்தான். 'மனசு வச்சா முடியும்மா' என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: 'மனச எங்கனட்டி வைக்கது? சுளகு வச்ச மடியிலயா?' இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'சோலியத்தவ மாதிரி சும்மா நடந்துக்கிட்டு வரச் சொல்லுதியா? பாக்கவ என்ன நினைப்பா?' என்றாள்.

'சோலி' என்ற சொல்லை நெல்லைச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சோலி என்றால் வேலை. ஆனால் வெறும் வேலை மட்டுமல்ல. ஒரு பெண் தெருவில் தென்படுவதற்கான நியாயமும் அதுதான். தண்ணீருக்குப் போனால் சோலி, ரேஷனுக்குப் போனால் சோலி, பீடிக்கடைக்கு இலையும் தூளும் வாங்கப் போனால் சோலி. 'சோலியத்தவ' என்பது எங்கள் தெருவில் ஏச்சு. நடைப்பயிற்சி என்பதோ சோலி இல்லாத நடை. போகிற இடம் கிடையாது, வாங்கி வரும் பொருள் கிடையாது, புறப்பட்ட இடத்துக்கே வெறுங்கையோடு திரும்பி வரவேண்டும். டாக்டர் சீட்டின் கடைசி வரி அம்மாவைச் சோலியத்தவளாக ஆகச் சொன்னது. இதை அவள் சோம்பல் என்று படித்தால் நாம் எதையுமே படிக்கவில்லை என்று அர்த்தம்.

நடைப்பயிற்சி பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை ஒரு தனி எழுத்து வகையாக எடுத்து வாசிக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. வார இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்கள், நாளிதழ் இணைப்புகள், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் சிறு புத்தகங்கள், இப்போது சித்தப்பாமார்கள் விடியற்காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவை என்று முப்பது முப்பத்தைந்து சேர்த்தேன். எல்லாம் ஏவல் வினைதான். நடங்கள், ஏறுங்கள், குனியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள். மரியாதையான ஏவல், ஆனாலும் ஏவல். இந்த 'நீங்கள்' யார்? லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறச் சொல்கிறார்கள், ஆகவே அவருக்கு லிஃப்ட் இருக்கிறது. காரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கச் சொல்கிறார்கள், கார் இருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள், நாயும் இருக்கிறது, அது அவரைக் கடிப்பதும் இல்லை. எங்கள் தெருவிலும் நாய்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டிக்கொண்டு யாரும் போக முடியாது, அவை வேண்டுமானால் நம்மைத் துரத்திக்கொண்டு வரும். ஏறக்குறைய எல்லாப் பிரதிகளும் ஒரு கட்டத்தில் 'நேரமில்லை' என்ற பதிலை எடுத்துக்கொண்டு, அது வெறும் சாக்கு என்று தள்ளிவிடுகின்றன. நேரம் யாரிடம் இருக்கிறது, யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. அந்தக் கேள்வி இருக்கவேண்டிய இடத்தில் 'ஊக்கம்', 'மனவுறுதி', 'வைராக்கியம்' என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இந்தப் பிரதிகளில் பாதிக்குமேல் பத்தாயிரம் காலடி என்ற எண் வருகிறது, வேதவாக்குப்போல. அந்த எண்ணின் பிறப்பு வேடிக்கையானது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த 1964க்கு அடுத்த வருஷம், ஜப்பானில் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கேய். பத்தாயிரம் காலடி அளவி என்று பொருள். சரக்குக்கு வைத்த பெயர் பிற்பாடு உடம்புக்கு விதியாகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 காலடி எடுத்தவர்களைவிட 4,400 காலடி எடுத்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அளவில் அந்த ஆதாயம் நின்றுவிட்டது. வயதான பெண் ஒருத்திக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். நான் சேர்த்தவற்றில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. பத்தாயிரம் என்று கேட்டதும் அம்மா, 'ஆயிரம் பீடிக்கே விடிய விடிய உக்காரணும்' என்றாள். எண்ணிக்கைக் கூலியில் வாழ்ந்தவளுக்கு எண்ணைக் கேட்டாலே இடுப்பு வலிக்கும்போலிருக்கிறது.

ஊக்கம் என்ற சொல்லுக்கு வருவோம். எம்.ஏ.காரிக்கு ஊக்கம் என்றதும் குறள் நினைவுக்கு வராமல் இருக்காது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி எழுதி நாம் இவற்றை எல்லோருக்குமான அறிவுரையாக மாற்றிவிட்டோம். ஆனால் இவை இருப்பது பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியில். அரசனுக்கும் அரசனைச் சார்ந்தோருக்கும் சொல்லப்பட்டவை. சோம்பலால் கெடுவதாக அங்கே சொல்லப்படுவதும் தனி ஒருவனின் உடம்பு அல்ல, அவன் பிறந்த குடியின் பெருமை. மருந்து என்று தனி அதிகாரமே உண்டு; அது செரித்ததை அறிந்து உண்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறது, காலை நீட்டி மடக்குவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பெண்ணுக்கு என்ன என்று தேடினால் வாழ்க்கைத் துணைநலத்தில் அவள் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறது. பரிமேலழகர் அதற்குக் கற்பிலிருந்து வழுவாமல் காத்துக்கொள்வது என்று உரை எழுதிவிட்டார். அதே குறளில் அவள் கணவனைப் பேணவும் வேண்டும், குடும்பத்தின் பெயரைக் காக்கவும் வேண்டும், சோர்ந்துபோகவும் கூடாது. தன்னைக் காத்தல் என்ற சொல் ஒரு பெண்ணின் மூட்டையும் பாதத்தையும் நோக்கித் திரும்பியிருக்கக்கூடிய இடம் அது. உரைமரபு வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

இது நம் மரபின் தனிக் குறை என்று யாரும் மகிழ வேண்டாம். ஃபூக்கோ 1984இல் வெளியிட்ட பாலியல் வரலாற்றின் மூன்றாம் பாகம் தன்னைப் பேணுதல் பற்றியது. கிரேக்க, ரோமானிய உலகில் உணவு, உறக்கம், உடற்பயிற்சி, தினசரிப் பரிசோதனை என்று ஒருவன் தன்மீதே செய்துகொள்ளும் வேலைகளை அங்கே ஆராய்கிறார். புளூட்டார்க்கிடமிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஸ்பார்ட்டாக்காரர் ஒருவரிடம், உங்கள் நிலங்களை நீங்களே உழாமல் ஏன் ஹீலட்டுகளிடம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள்; எங்களை நாங்கள் பேணிக்கொள்வதற்காகத்தான் என்கிறார் அவர். ஹீலட்டுகள் ஸ்பார்ட்டாவின் பண்ணையடிமைகள். ஒருவன் தன் உடம்பைப் பேணுவதற்கான நேரம் இன்னொருவனின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அந்தப் பதிலிலேயே வெளிப்படையாக இருக்கிறது, அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. நம் நடைப்பயிற்சிப் பிரதிகளில் அந்த வெளிப்படைத்தன்மைகூட இல்லை. விடிகாலையில் ஐயாவும் அம்மாவும் பூங்காவில் நடக்கிற அந்த முக்கால் மணி நேரத்தில் அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண்ணுக்கும் ஐம்பத்தைந்து வயது, அவளுக்கும் சர்க்கரை.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. இதுதான் என் பிரச்சினை. ஒரு கருத்தரங்கில் இதையெல்லாம் கட்டுரையாகவே வாசித்தேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சுருக்கமாகச் சொல்லவும் செய்தேன்: 'நீ ஒழைச்சது போதும்மா. நடக்கலன்னா ஒன் தப்புன்னு சொல்றதே அவங்க தப்ப மறைக்கத்தான்.' அம்மாவுக்கு இந்தக் கோட்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. யார் நடக்கச் சொன்னாலும், 'எம் மவா எம்.ஏ. படிச்சவ, அவளே வேண்டாம்னுட்டா' என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வருஷம் ஓடிற்று. ஆவணி மாசம் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தவள் ஒற்றைச் செருப்போடு நடையில் நின்றாள். மற்றச் செருப்பு எங்கே என்று கேட்டதும் குனிந்து பார்த்தாள். கழன்றதே தெரியவில்லை. சுடுகிற தார்ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறாள், அதுவும் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றால் பாதத்தில் இப்படித்தான் ஆகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பாட்டி மேலத்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனவள். எந்தச் சாதிக்கு எந்தத் தெருவில் செருப்பு என்று இருந்த ஊர் அது. காலில் செருப்போடு நடப்பதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள். அவள் மகளுக்கு இப்போது செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. நான் உடலரசியல் பேசிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில் அந்தப் பாதம் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. நடைப்பயிற்சிச் சொல்லாடலைப் பற்றி நான் செய்த விமர்சனம் தப்பா என்றால், இல்லை, இப்போதும் அதில் ஒரு வரியை மாற்றமாட்டேன். ஆனால் ஒரு சொல்லாடலைக் கட்டுடைப்பதும் ஒரு கிழவியிடம் நடக்க வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் தெரியாமல் இருந்ததற்கு நான் வளர்ந்த சூழலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் சொல்வது குடும்பத்தை அல்ல, நம்மை.

நம் பத்திரிகைகளில் வரும் அஞ்சலிக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். 'தன் உடல்நலத்தைப் பொருட்படுத்தாமல் இயங்கினார்' என்ற தொடர் இல்லாத அஞ்சலி அபூர்வம். தோழர்களுக்கு எழுதினாலும் சரி, எழுத்தாளர்களுக்கு எழுதினாலும் சரி. அது புகழுரையாகச் சொல்லப்படுகிறது. ஐம்பத்திரண்டு வயதில், ஐம்பத்தேழு வயதில், மாரடைப்பில் போனவர்கள். டீக்கடை பெஞ்சும் சிகரெட்டும் விடியும்வரை பேச்சும் நம் அறிவுச்சூழலின் சின்னங்களாகவே ஆகிவிட்டன. யாராவது ஒரு நண்பர் காலையில் நடக்கப் போகிறார் என்று தெரிந்தால், 'என்ன தோழர், நடுத்தர வர்க்கமாயிட்டீங்க' என்று கிண்டல் செய்வோம், நானும் செய்திருக்கிறேன். உடம்பைப் பற்றி நூறு கட்டுரை வெளியிட்ட நமக்குச் சொந்த உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சம். இந்தப் 'பொருட்படுத்தாமை' எங்கிருந்து வருகிறது? உடலை இழிந்ததாகப் பார்க்கிற பழைய துறவு மனநிலை, சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்ததாகவே எனக்குப் படுகிறது. அப்படிப் பொருட்படுத்தாமல் இருந்த ஆண்களின் மாத்திரைகளை நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்த பெண்கள் அஞ்சலிக் குறிப்புகளில் கடைசி வரியில் வருகிறார்கள், 'இவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளனர்' என்று.

நம்மவர்களிடம் இன்னொரு வாதமும் உண்டு, அது கொஞ்சம் சிக்கலானது. உழைக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி, அது உட்கார்ந்து தின்கிறவனுக்கு என்பது. இதன் இன்னொரு வடிவம் ஆட்டுக்கல், அம்மி, உலக்கை, கிணற்றுத் தண்ணீர் என்று உருகுவது. பாட்டிமார்கள் இவற்றால்தான் திடமாக இருந்தார்களாம். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கர்ப்பப்பை இறங்கிப்போய், அதைச் சொல்லவும் வாயில்லாமல் செத்த பாட்டிகளை எங்கள் தெருவுக்குத் தெரியும்.

உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜெர்ரி மாரிஸ். லண்டனின் மாடிப் பேருந்துகளை எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாளுக்கு ஐநூறு, எழுநூறு படி ஏறி இறங்குவார். இருவருக்கும் வர்க்கம் ஏறக்குறைய ஒன்றுதான். 1953இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வு, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உடனடியாகச் சாவது குறைவு என்று காட்டிற்று. பிற்பாடு 1956இல் அவர் குழு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்ததும் தெரியவந்தது. தன் முடிவுக்குச் சங்கடம் தருகிற தகவலைத் தானே தேடிப்போய் வெளியிட்ட அந்த நேர்மையை நம் விமர்சன உலகில் காண்பது அரிது.

அப்படியானால் உழைப்பே போதுமா? படியேறி இறங்கும் நடத்துநர் வேலை ஒருவகை உழைப்பு. எல்லா உழைப்பும் அப்படியல்ல. 2021இல் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதயநோயும் சாவும் குறைகின்றன. வேலையில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு அவை கூடுகின்றன என்றது. ஒரே உடம்பு, ஒரே தசை, எதிரெதிர் விளைவு. வறுமையும் புகையும் செய்கிற வேலையை உழைப்பின் தலையில் கட்டுகிறார்கள் என்று மறுக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் சொல்கிற காரணம் யோசிக்கத்தக்கது: ஓய்வு நேர அசைவு கொஞ்ச நேரம், நம் வேகத்தில், களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். வேலையில் மணிக்கணக்கில் ஒரே நிலை, ஒரே சுமை, வேகத்தை நிர்ணயிப்பது வேறொருவர், ஆறுவதற்கு நேரம் கிடையாது. அந்நியமாதல் என்று நாம் ஏட்டில் படித்தது இரத்த அழுத்தமாகவும் நாடித்துடிப்பாகவும் அளக்கக்கூடியது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பீடி இந்த இரண்டிலும் மோசமானதைச் சேர்த்துக்கொண்டது. உழைப்பின் களைப்பு முழுசாக உண்டு, உடம்பின் அசைவு கிடையாது. காலை மடக்கி, கழுத்தைக் குனிந்து, மடியில் சுளகு. இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, அசைவது விரல்கள் மட்டும்தான். தொடை, இடுப்பு, கணுக்கால் எல்லாம் நாற்பத்தாறு வருஷம் சும்மா இருந்தன. 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வேலை நேரம், விடுப்பு என்றெல்லாம் பேசியது. ஆனால் வீட்டு நடையில் உட்கார்ந்து சுற்றுகிறவள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாள் என்று எழுதிவைக்க யார் இருந்தார்கள்? அம்மா நடந்த ஒரே நடை பீடிக்கடைக்குப் போய் வருவது. சுளகை இறக்கியபோது அந்த ஒன்றரை மைலும் போயிற்று.

மாரிஸுக்குத் திரும்புகிறேன், அவர் என்னை விடமாட்டேனென்கிறார். அவர் ஒரு சோஷலிஸ்ட். உட்கார்ந்து செய்யும் வேலைகள் பெருகப் பெருக, ஓய்வுநேர உடற்பயிற்சியை ஆராய்வதற்குத் திரும்பினார். அரசு அலுவலர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தார். ஆனால் 'மனசு வைத்தால் முடியும்' என்பதில் அவர் போய் நிற்கவில்லை. 2000இல், தொண்ணூறு வயதில், ஆரோக்கியமாக வாழ ஒரு மனிதனுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வருமானம் வேண்டும் என்று சகாக்களோடு சேர்ந்து கணக்குப் போட்டார். உணவு, வீடு, பிறரோடு பழகுவதற்கான செலவு, அவற்றோடு உடற்பயிற்சிக்கான செலவு. 2007இல் அதையே வயதானவர்களுக்காகப் போட்டார். 2009இல், நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில் இறந்தார். ஊக்கம் என்று நாம் மனசுக்குள் தேடிக்கொண்டிருப்பதை அவர் வீட்டு வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டார். ஓய்வூதியக் கோரிக்கை வைக்கும் எந்தச் சங்கமும் இந்த வரியை நம்மூரில் எழுதி நான் பார்த்ததில்லை. பீடித் தொழிலாளியின் ஓய்வூதியம் செருப்புக்குக் காணுமா என்பதே கேள்வி.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வந்தது. அதைக் கேலி பேசுகிறவர்கள் முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பார்க்கட்டும். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்து, நடப்போம் நலம் பெறுவோம் என்று பெயரும் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பாதைக்குப் போய்ச்சேர எங்கள் ஊர்க்காரி பேருந்து ஏறவேண்டும். நடப்பதற்குப் பேருந்து ஏறுவதா என்று அம்மா சிரித்தாள். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்து 2014இல் வெளியான தேசிய நீரிழிவு ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டவர்கள் போதிய அசைவு இல்லாதவர்கள் என்றது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி என்று ஏதாவது செய்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இதைப் பத்தில் ஒன்பது பேருக்கு மனவுறுதி இல்லை என்று வாசிப்பது சுலபம். ஓய்வு நேரம் என்ற ஒன்றே எத்தனை பேருக்கு இருக்கிறது என்றும் வாசிக்கலாம்.

செருப்புக் கழன்ற அன்றைக்கு அப்புறம் நான் கோட்பாட்டை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கெஞ்ச ஆரம்பித்தேன். கெஞ்சலுக்கும் அவள் அசையவில்லை. கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன், பீரோ மேல் ஏறி உட்கார்ந்தது. கடைசியில் அவளைத் தெருவில் இறக்கியது பக்கத்து வீட்டு மதினியும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும்தான். மூன்று பேரும் ஒரே நடையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். பெரியம்மாவின் தங்கைக்குக் கால்விரலை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்த வாரம், 'நாளைக்குக் காலம்பற குளத்துக்கரை வரைக்கும் போயிட்டு வருவோமாளா' என்று பெரியம்மா கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், டாக்டர் சீட்டுக்கும் என் கட்டுரைக்கும் எழும்பாதவள் அடுத்தநாள் விடியுமுன் எழும்பிவிட்டாள்.

அந்தக் குளத்துக்கரைப் பாதை அவர்களுக்குப் புதிதல்ல. வீட்டில் கக்கூஸ் வருவதற்கு முன்னால், விடியுமுன் இருட்டில் பெண்கள் கூட்டமாகக் கருவேலங்காட்டுக்குப் போன பாதை அது. வண்டி வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்கவேண்டும். ஆம்பளை வந்தால் எழுந்து நிற்கவேண்டும். அந்தக் காலம் போனதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் அம்மா ஒன்று சொன்னாள்: 'அப்பவும் இப்படித்தான் பேசிக்கிட்டே போவோம். இப்ப ஒக்காரவேண்டாம், அதான் வித்தியாசம்.' அவமானத்தின் பாதையில் அதே பெண்கள் அதே நேரத்தில் இப்போது வேறு காரியமாகப் போகிறார்கள். இதை எந்தச் சொல்லாடலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை; வைக்காமலே விட்டுவிடுகிறேன்.

முதல் மூன்று மாசம் அம்மா கையில் தூக்குவாளி இருந்தது. வெறும் வாளி. பார்க்கிறவர்கள் பாலுக்குப் போகிறாள் என்று நினைக்க வேண்டும் அல்லவா. மதினியிடம் ஒரு மஞ்சப்பை. பெரியம்மா மட்டும் வெறுங்கையோடு வருவாளாம், அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஊர் வாய்க்கு அவள் பயப்படுவதில்லை. திரும்பி வரும்போது மேலத்தெருப் பையன் ஒருத்தன், 'என்ன பெரியம்மா, வாக்கிங்கா' என்று கேட்டிருக்கிறான். கிண்டலாகத்தான் கேட்டிருப்பான். 'ஆமாடே, வாக்கிங்குதான்' என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். கொஞ்சநாள் கழித்துத் தூக்குவாளி அடுப்படியிலேயே இருக்கக் கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பயில் என்ற வேர்ச்சொல்லுக்குத் திரும்பத் திரும்பச் செய்தல் என்றும், நெருங்கிச் செறிந்திருத்தல் என்றும் பொருள்கள் உண்டு. பயிற்சி என்று சொல்லும்போது நாம் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அம்மாவின் விஷயத்தில் இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்கவில்லை. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வேண்டும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் சொல்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடைபோன்ற மிதமான அசைவு தனி. இவர்கள் குளத்துக்கரைப் படித்துறையில் கையைப் பிடித்துக்கொண்டு பத்துத் தரம் ஏறி இறங்குகிறார்கள். அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். முழங்கால் பார்க்க வந்த ஃபிசியோதெரபிப் பெண் மதினிக்குச் சொன்னதாம்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஐப்பசி மழையில் மூன்று வாரம் நின்றுபோயிற்று. ஒருத்தி வராவிட்டால் மற்ற இருவரும் போவதில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது; பாதத்தின் மரப்பு அப்படியேதான் இருக்கிறது, அது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்த்து முள், கொப்புளம் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் கண்ணாடியை வைத்து அவளே பார்த்துக்கொள்கிறாள்.

போன மாசம் மதினி மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் நடை இல்லை. பெரியம்மாவுக்குக் காய்ச்சல். பதின்மூன்றாம் நாள் விடியற்காலையில் நானே அம்மாவை எழுப்பினேன், நான் வருகிறேன், வா என்று. போர்வையை விலக்காமலே சொன்னாள்: 'ஒங்கூட வேண்டாம்ட்டி. நீ வேகமா நடப்ப. பேசவும் மாட்ட.' அப்புறம் போனை எடுத்து, திருப்பூருக்குப் போட்டு, எப்பம்ளா வருவ என்று மதினியைச் சத்தம் போட்டாள்.